அளவு நூல்

எங்கள் வீட்டில் சட்டைகளை இஸ்திரிக்கு வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லை. தெருமுனை வண்டிக்காரன் காலரில் ஒரு மடிப்பு விழவைத்துவிடுவான், எனக்கு அது பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்து என் முழுக்கைச் சட்டைகள் எல்லாவற்றையும் தபீதாள்தான் தேய்த்து மாட்டிவைக்கிறாள். இதை ஏன் முதலில் சொல்கிறான் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம், இன்ஸ்பெக்டர் மேடம். காகிதத்தை நீட்டி, நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்றீர்கள். என் வார்த்தையில் எழுதினால் அது சட்டையில்தான் ஆரம்பிக்கும்.

என் பெயர் சத்தியநாதன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வருவதையெல்லாம் அளந்து பார்ப்பது என் வேலை. அளவு சரியாக இருந்தால் ஒரு பக்கம் போகும், இல்லாவிட்டால் சிவப்பு பெயின்ட் பூசி இன்னொரு பக்கம் தள்ளிவிடுவேன். எனக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

சேலையூரில் முதல் மாடியில் எங்கள் வீடு. நான், மனைவி தபீதாள், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெரூஷா, மனைவியின் தம்பி ஸ்டெபின். தபீதாள் முன்பு டீச்சராக இருந்தாள். நான்தான் விடச் சொன்னேன். சபை ஆராதனைக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் நானே காரில் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன். அவளுக்குத் தனியாகப் பஸ் ஏறத் தெரியாது. ஜெரூஷா கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை தபீதாளின் அம்மா வந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இருவரையும் தன் ஊரான நாசரேத்துக்கு அழைத்துப் போய்விட்டார். நான் போய்த் திரும்ப அழைத்து வந்தேன். அந்த வருஷம்தான் தபீதாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம்.

பிறகு அந்த அம்மாள் இறந்துபோனார், நாசரேத்து வீடு கைமாறியது, ஸ்டெபின் எங்களோடு வந்து சேர்ந்தான். தாயில்லாப் பிள்ளையைக் கூட வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெரிய மனசு என்று சபையில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். ஸ்டெபின் என் வீட்டில் இருக்கும்வரை தபீதாளுக்குப் போக இடமில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

ஸ்டெபின் பில்லியர்ட்ஸ் ஆடுவான், நீளமான ஸ்டிக்கால் பந்தைத் தட்டிக் குழியில் விழவைக்கும் ஆட்டம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் பார்லரில் கல்லூரி நாளிலிருந்து ஆடி வந்தான். மேஜைமேல் பந்துகளை உருட்டுவது ஒரு விளையாட்டா என்று நான் கிண்டல் செய்வேன், அவனும் சிரிப்பான். ஆறடி உயரம், நீளமான கை, பெண்பிள்ளை மாதிரி மென்மையான விரல்கள். கோப்பைகள் கொண்டுவந்தான். தபீதாள் அவற்றைத் துடைத்து டிவி பக்கத்தில் வைப்பாள். நான் அவற்றை மேலே பரணில் வைக்கச் சொல்வேன்.

இரண்டாயிரத்து எட்டு, ஜூன் மாதம். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்களாம். நவம்பரில் மாநிலப் போட்டி. அதில் நன்றாக ஆடினால் வேலை நிச்சயம் என்று யாரோ ஒரு அதிகாரி அவனிடம் சொல்லியிருக்கிறார். வேலை வெளியூரில்.

"குவார்ட்டர்ஸ் தருவாங்களாம் அத்தான், ரெண்டு ரூம். அக்காவும் ஜெரூஷாவும் லீவுக்கு அங்க வந்துடலாம்" என்றான்.

ஜெரூஷா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "லீவு முடிஞ்சதும் திரும்பி வரணுமா மாமா?" என்று கேட்டாள்.

ஸ்டெபின் தன் அக்காவைப் பார்த்தான். தபீதாள் யாரையும் பார்க்காமல், நான் கேட்காமலேயே எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அந்தச் சோற்றைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதிக் காட்ட முடியாது. நான் அந்தச் சோற்றை முழுவதும் சாப்பிட்டேன்.

அவனை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கலாம். துரத்தினால் பின்னாலேயே அவளும் போவாள். ஆடக் கூடாது என்று தடுத்திருக்கலாம். தடுத்தால் சபை முழுக்கப் பேசும். அதனால் அவனுக்கு ஒரு பரிசு கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

நல்ல ஆட்டக்காரன் பார்லரில் கிடக்கும் பொது ஸ்டிக்கில் ஆடமாட்டான், தன் உடம்புக்கு ஏற்றதாக ஒன்று சொல்லிச் செய்துகொள்வான் என்று ஸ்டெபினே எனக்குச் சொல்லியிருக்கிறான். அவனிடம் இருந்தது யாரோ ஆடி விட்ட பழசு, ஆனால் அவன் உயரத்துக்குப் பொருந்தியது. பார்லர்காரரிடம் விசாரித்தபோது பீர்க்கன்கரணையில் துலுக்காணம் என்று ஒருவனைச் சொன்னார். ஏரிக்கரையை ஒட்டிக் கடைசல் பட்டறை. கட்டில் கால், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் கடைந்து கொடுப்பவன். பார்லரில் உடையும் ஸ்டிக்குகளைச் சரிசெய்ய ஆரம்பித்து, பிறகு தானே புதிதாகச் செய்யக் கற்றுக்கொண்டானாம்.

போய்ப் பார்த்தேன். கோவளத்துப் பக்கம் மீன்பிடிக் குடும்பம். வாய் கொஞ்சம் நீளம். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், யாருக்கு என்று கேட்டான். என் மைத்துனனுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே சொன்னான்.

"ஆட்ற ஆள இட்டுகினு வா சார். ஆளு நிக்காம நான் மரத்துல கை வெக்கிறது இல்ல. அவன் கையி அளவுக்குத்தான் ஸ்டிக்கு. இன்னொருத்தன் ஆடுனா ஒண்ணும் வேலைக்கி ஆவாது."

அதுவரை எனக்குள் சரியான திட்டம் எதுவும் இல்லை. கொஞ்சம் வளைந்த மரமாகப் பார்த்துச் செய்யச் சொல்லலாம் என்ற அளவில்தான் யோசித்திருந்தேன். துலுக்காணம் பேசி முடித்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது.

"நான்தான் ஆடப்போகிறேன்" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான். இந்த வயதில் இது என்ன ஆசை என்றான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, இருந்தாலும் கையை நீட்டினேன். டேப் எல்லாம் அவனிடம் கிடையாது. வலை பின்னும் நைலான் நூல் ஒன்றை எடுத்து என் தோளில் ஒரு முனையை வைத்து, முழங்கையில் ஒரு முடிச்சு, மணிக்கட்டில் ஒரு முடிச்சு, விரல் நுனியில் ஒரு முடிச்சு என்று போட்டான். மேஜைக்கு முன்னால் நிற்பது போல என்னைக் குனியச் சொல்லித் தாடையின் உயரம் பார்த்தான். நான் குள்ளம், மேடம், நீங்களே பார்க்கிறீர்கள். ஸ்டெபினுடைய தோளுக்குத்தான் வருவேன்.

ஆவணியில் ஸ்டிக் தயாரானது. அடிப்பாகம் ஈட்டி மரம், மேல்பாகம் வெளிநாட்டு மேப்பிள், நடுவில் கழற்றி மாட்டப் பித்தளைத் திருகு. தொழிற்சாலைக்கு எடுத்துப் போய் என் கருவிகளால் அளந்து பார்த்தேன். துளி வளைவு இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வேலையை அதிகம் பார்த்ததில்லை. அந்த ஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அது வேறு உடம்புக்குச் செய்தது, அவ்வளவுதான். ஸ்டெபினுக்கு இருக்க வேண்டியதைவிட நான்கு அங்குலம் குறைவு. அவன் குனிந்து நின்றால் பின்கைக்குப் பிடிமானம் போதாது, எடை முன்னால் சாயும். பார்க்கிறவர்கள் ஆட்டக்காரனைத்தான் குறை சொல்வார்கள்.

கொடுத்தால் மட்டும் போதாது, அவன் அதில்தான் ஆட வேண்டும். அதற்கும் ஏற்பாடு செய்தேன். எங்கள் சபையில் புதிதாக எது வாங்கினாலும், வண்டியோ வீடோ, போதகரை வைத்து ஜெபித்துத்தான் கையில் எடுப்போம். மாதாந்தர ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் முறை வந்தபோது, வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் ஸ்டிக்கை வைத்தேன். ஹால் நிறைய ஆட்கள். போதகர் அசரியா மோசேயின் கோலைப் பற்றி நன்றாகப் பேசினார். பிறகு கை வைத்து ஜெபித்தார். ஸ்டெபின் அழுதுவிட்டான். எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கட்டிக்கொண்டு, "எங்க அப்பா இருந்தாக்கூட இவ்ளோ செஞ்சிருக்க மாட்டாங்க அத்தான்" என்றான்.

ஜெபித்துக் கொடுத்த பொருளைச் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க எங்கள் ஆட்களில் யாருக்கும் மனம் வராது. ஸ்டெபினுக்கு நிச்சயம் வராது. பழைய ஸ்டிக்கைப் பார்லரில் புதிதாக ஆட வருகிற யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். மறுநாளே கொடுத்துவிட்டான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஸ்டிக்கின் அடிப்பாகத்தில் துலுக்காணம் அந்த முடிச்சு நூலைச் சுற்றிக் கட்டியிருந்தான். போதகர் அதைப் பார்த்து, இது என்ன கயிறு என்று கேட்டார். எனக்கும் அப்போது தெரியவில்லை. அளவெடுத்த நூலை ஏன் கட்டிக் கொடுக்கப்போகிறான், ஏதோ கோயிலில் மந்திரித்த கயிறாக இருக்கும் என்று நினைத்துக் கூசிப்போனேன். உடனே அவிழ்த்துத் தபீதாளிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னேன். இதில்தான் நான் தவறினேன். என் கையால் நானே எரித்திருக்க வேண்டும்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் ஸ்டெபின் தோற்றான். தாம்பரத்தில் தோற்றான், நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனி நடத்திய போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றான். முன்பு அவனிடம் தோற்ற பையன்கள் அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். முதுகைக் குறுக்கிக் குறுக்கி நின்று இடுப்பு வலி வந்துவிட்டது. தபீதாள் தைலம் தேய்த்துவிடுவாள். "ஸ்டிக் நல்லா இருக்கு அத்தான், எனக்குத்தான் ஆட வரல" என்று என்னிடமே வந்து சொன்னான். இன்னும் பயிற்சி செய், ஜெபம் பண்ணு என்று ஆறுதல் சொன்னேன். அந்த இரண்டு மாதமும் எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது.

தபீதாள் எதையும் தூக்கிப் போடாதவள். பட்டன், நாடா, நூல்கண்டு என்று தையல் மெஷின் டிராயர் முழுக்கக் குப்பை. அடுப்பில் போடச் சொன்ன நூலையும் அங்கேதான் போட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் எதற்கோ எடுத்தவளின் கண்ணில் அந்த முடிச்சுகள் பட்டிருக்கின்றன. தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு. வேறு யாருக்கும் அது வெறும் நூல்தான். என் சட்டைக் கைகளை வருஷக்கணக்காகத் தேய்த்துக்கொண்டிருப்பவள் அவள். ஒரு சட்டையை எடுத்து விரித்து நூலை அதன்மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மாநிலப் போட்டிக்கு முந்தின நாள் ஸ்டெபின் குளிக்கப் போயிருந்தான். ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். அளந்து பார்ப்பது என் பழக்கம். அடிப்பாகத்தின் கடைசியில் புதிதாக ஒரு பித்தளை வளையம், அதற்குக் கீழே புது ஈட்டி மரத் துண்டு, நான்கு அங்குலம். உள்ளே எடையையும் துலுக்காணம் மாற்றியிருந்தான். அப்போதுதான் கவனித்தேன், மூன்று நாளாக ஸ்டெபினின் முதுகு நேராக இருந்தது.

நேரே பீர்க்கன்கரணைக்குப் போனேன். துலுக்காணம் என்னைப் பார்த்ததும் கடைசல் மெஷினை நிறுத்தினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உன் பொஞ்சாதி வந்துச்சு. நான் கட்டிக் குட்த்த நூலயும் உன் சட்டையையும் எடுத்தாந்து ரெண்டையும் இப்டி வெச்சிக் காமிச்சிது. யார் ஸ்டிக்கின்னு பின்னாடி தெரியணும்னுதான் நான் நூல கட்டி அனுப்புறதே. அந்தத் தம்பி கையி இன்னா நீளம், உன் கையி இன்னா நீளம். தெரிஞ்சிதான குட்த்த? இன்னா மன்சன்யா நீ."

அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நான் ஒன்று மட்டும் கேட்டேன், அவள் எப்படி வந்தாள் என்று.

"பஸ்ஸுலதான். பார்லர்ல வெலாசம் கேட்டுகினு தனியாத்தான் வந்துச்சு. தம்பிய மறுநாளு இட்டாந்துச்சு" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டான்.

நான் காருக்குத் திரும்பினேன். சேலையூரிலிருந்து அங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும். யாராவது கொண்டுவந்து விட்டிருப்பார்கள், இவன் என் வாயைக் கிளறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்கு வேதனையாக இருந்தது வேறொன்று. போதகர் கை வைத்து ஜெபித்த பொருளை என்னிடம் கேட்காமல் அறுத்து ஒட்டியிருக்கிறார்கள். தெரிந்த பிறகும் மூன்று நாள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். என் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறாள்.

மறுநாள் காலை நான்தான் போட்டிக்கு அழைத்துப் போவதாக இருந்தது. வளையத்தைப் பார்த்ததாக வீட்டில் காட்டிக்கொள்ளவில்லை. ஜெபம் செய்துவிட்டு இறங்கினோம். தபீதாள் வழியனுப்பப் பால்கனியில் நின்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் இடது பக்கக் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. ஸ்டெபின் பின்கதவு வழியாகக் குனிந்து ஸ்டிக் பையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தான். வலது கையில் பை. இடது கையால் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருக்கும் தூணைப் பிடித்திருந்தான். நான்கு விரல்கள் தூணைச் சுற்றி வெளியே தெரிந்தன. நான் முன்கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

கைதவறிச் சாத்திவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். ஸ்டெபினே அப்படித்தான் சொன்னான். வலியில் துடித்துக்கொண்டே, "பரவால்ல அத்தான், நீங்க பாக்கல" என்றான். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. மற்ற இரண்டும் இனி மடங்காது என்றார்கள். போதகர் வந்து ஜெபித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள் என்றார். தபீதாள் மட்டும் ஒரு மூலையில் நின்றாள். பல வருஷங்களுக்கு முன்பு அவள் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்ட அதே ஆஸ்பத்திரி அது.

நேற்று நீங்கள் அழைத்துவந்து உட்காரவைத்து, "உங்க வைஃப் பால்கனியிலிருந்து பாத்திருக்காங்க சார். கதவை ரெண்டு தடவை சாத்தினீங்கன்னு சொல்றாங்க" என்றீர்கள். யோசித்துப் பார்த்ததில், மறைக்க ஒன்றும் இல்லை என்று படுகிறது.

இரண்டு தடவைதான். முதல் தடவை கதவு முழுதாகப் பொருந்தவில்லை. அவன் கையை இழுக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் கதவைத் திறந்தேன். விடுவிக்கத்தான் திறக்கிறேன் என்று நினைத்து அவன் என்னைப் பார்த்தான். வலியில் கையைத் தூணிலிருந்து எடுக்க அவனுக்கு வரவில்லை, விரல்கள் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. நான் நிமிர்ந்து பால்கனியில் நின்ற தபீதாளைப் பார்த்தேன். அவளைப் பார்த்துக்கொண்டே, உடம்பின் எடையைக் கொடுத்து, இன்னொரு முறை சாத்தினேன். தெரிந்துதான் செய்தேன். கோபத்தில் நிதானம் தவறிவிட்டேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம், நான் நிதானமாகத்தான் இருந்தேன். இந்த ஆட்டம் ஆடுகிறவனுக்கு ஸ்டிக்கைத் தாங்குவது இடது கை. சாப்பிடுவது வலது கை. சாப்பிடும் கையை நான் தொடவில்லை. ஆயுசு முழுக்க அவன் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவன், அந்த நினைப்பு எனக்கு இருந்தது. கெட்ட எண்ணம் உள்ளவன் இவ்வளவு யோசிப்பானா?

குடும்பம் உடையாமல் பார்த்துக்கொள்வது ஒரு தலைவனின் கடமை. நான் அதைத்தான் செய்தேன். உங்கள் ஸ்டேஷனில் தினமும் எத்தனையோ பெண்கள் கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று அழுகிறார்கள். நான் விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை. தபீதாளுக்கு இப்போது என்மேல் கோபம் இருக்கலாம், தம்பிப் பாசம் கண்ணை மறைக்கிறது. தணிந்துவிடும். நாசரேத்திலிருந்து வந்தபோதும் தணிந்தது.

காலையில் ஒன்று சொன்னீர்கள். அவள் எழுதிக் கொடுத்துவிட்டு, ஜெரூஷாவையும் ஸ்டெபினையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டுவிட்டாள், எங்கே என்று என்னிடம் சொல்லமாட்டீர்கள் என்று. என்னை எழுதவைக்க நீங்கள் சொன்ன பொய் அது, எனக்கு வருத்தமில்லை. நீங்கள் கேட்டதை எழுதிவிட்டேன், கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். தயவுசெய்து யாரையாவது வாசலுக்கு அனுப்பி அவளை உள்ளே நிழலில் உட்காரச் சொல்லுங்கள். நான் வரும்வரை அவள் அங்கேதான் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்குத் தனியாகப் பஸ் ஏறத் தெரியாது.